வலது காதுப் பஞ்சு

முதல் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. ராஜகுரு அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.

சௌந்தரம் முதலில் புருஷன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகுதான் காதில் பஞ்சு. பதினோரு நாளாக இந்த வரிசையை அவள் மாற்றவில்லை.

அவள் பிறந்த ஊரிலும் சரி, வாக்கப்பட்டு வந்த இந்தத் திருச்சுழிப் பக்கத்திலும் சரி, காதில் பஞ்சு வைப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டின பிறகு மூக்கிலும் காதிலும் அடைப்பார்கள். போன வருஷம் அவளுடைய அப்பாவுக்கு அடைத்தபோது கிட்டத்தில் நின்று பார்த்தவள் அவள். அதனால்தான் குங்குமம் முதலில். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குத்தான் வைக்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொள்வது போல.

கரிசல் காட்டில் கிடைக்காதது தண்ணீர், கிடைப்பது பஞ்சு. கொட்டை எடுத்து, நகக்கண்ணில் வைத்துத் திரித்து, வாசலின் களிம்பில் புரட்டி, சுண்டைக்காய் அளவுக்கு இரண்டு. வலது காதுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக உருட்டுவாள்.

"எப்படி இருக்கு?"

"கெணத்துக்குள்ள முங்கிக் கெடக்குற மாதிரி இருக்கு."

"பழகிரும்."

"பழகிருச்சு. பல்லு வழியாவே கேக்கப் பழகிட்டேன்" என்றார் ராஜகுரு. நாயனத்தின் சீவாளி உதட்டில் அதிர்வதைப் பல் வாங்கி மண்டைக்குள் கொண்டுபோகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதற்காகத் தினமும் விடிகாலையில் வெறும் காட்டுக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் காதை அடைத்துக்கொண்டு ஊதிப் பார்த்திருந்தார். நாற்பத்திரண்டு வயதில் கத்துக்குட்டி போல.

மதுரையில் காது டாக்டர் கேட்ட கேள்வி சௌந்தரத்துக்கு அப்படியே மனசில் இருந்தது.

"என்ன தொழில் பாக்குறீங்க?"

"நாயனம் வாசிக்கிறேங்கய்யா."

"தவில்காரர் எந்தப் பக்கம் நிப்பார்?"

"எடது பக்கம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தவிலின் வலந்தலைப் பக்கம், விரலில் கூடு மாட்டி அடிக்கிற பக்கம், பதினாலு வருஷமாக இந்த இடது காதுக்கு ஒரு முழ தூரத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. இடது காது நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார். வலது பாதி இருக்கிறது. வாசிக்கும்போது வாசலின் பஞ்சு வையுங்கள். தவிலை நாலடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பாட்டுப் போடுகிற ரேடியோ குழாய்க்கு நேரே நிற்காதீர்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் சௌந்தரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வெடி, வேட்டு கிட்டத்துல வேண்டாம்மா. இந்த மிச்சக் காதும் போக வெறும் ஒண்ணு போதும்."

பூண்டு காய்ச்சின எண்ணெயை ஒரு வருஷமாக அந்தக் காதில் ஊற்றிக்கொண்டிருந்ததை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஊர் திரும்பும்போது ராஜகுரு ஒன்றுதான் சொன்னார். "யாருகிட்டயும் மூச்சு விட்றாத. பொன்னுச்சாமிகிட்டயும்தான். செவிட்டு நாயனம்னு ஒரு வாய் சொன்னாப் போதும். பந்தல்குடியில இருந்து திருச்சுழி வரைக்கும் ஒரு வீட்டுல நமக்கு வெத்தல பாக்கு வைக்க மாட்டாக."

அவள் மூச்சு விடவில்லை. அதனால் வந்த வினையும் வீட்டுக்குள்ளேயே முளைத்தது. காரணம் சொல்லாமல் தம்பியிடம் "கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார் ராஜகுரு. தவில் அடிக்கிற தம்பி பொன்னுச்சாமிக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. பதினாலு வருஷமாக நின்ற இடத்திலிருந்து நகர்த்துகிறார் என்றால், அந்த இடத்துக்கு வேறு தவில் வரப்போகிறது என்று அர்த்தம். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ஆறு நாளாக அண்ணனும் தம்பியும் மேளத்தில்தான் பேசிக்கொண்டார்கள், வாயால் இல்லை.

சௌந்தரம் சீப்பை எடுத்து, ஒரு மாதமாக வெட்டாமல் விட்டிருந்த கிராப்பை இரண்டு காது மேலும் இழுத்துச் சீவினாள். பஞ்சு மறைந்தது.

"மொகத்தைத் தொடைக்கயில முடியைப் பின்னால தள்ளீராதீக" என்றாள்.

அவர் தலையாட்டினார். கேட்டு ஆட்டினாரா, அவள் வாயசைவைப் பார்த்து ஆட்டினாரா, தெரியவில்லை.

பஸ்ஸில் பொன்னுச்சாமி முன்னால் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். தவிலை மடியில் வைத்திருந்தான்.

"தவிலுக்கு அரை டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"அதுக்கு ஒம்மைவிட வயசு கூட. முழுசாவே போடும்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ராஜகுரு ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பக்கம் ஒரு சிரிப்பு எழும்பியதே அவருக்குத் தெரியாது. பொன்னுச்சாமி திரும்பிப் பார்த்தான். தன் பேச்சுக்கு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

சௌந்தரம் இரண்டு பேருக்கும் நடுவில் பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரி தனுஷ்கோடி வீட்டுக் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல். மேளம் வாசிக்க இவர்கள், மாலை கட்ட சௌந்தரம். பெரிய வீட்டுக் கல்யாணங்களில் இரண்டு வேலையும் ஒரே குடும்பத்துக்குக் கிடைப்பது உண்டு.

பந்தலுக்குள் நுழைந்ததும் அவள் பூவைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள். மேளக்காரர்கள் உட்காரும் மேடைக்கு நேர் எதிரே பந்தல் காலில், ஆள் தலை உயரத்துக்கு, ஒரு ரேடியோ குழாய் கட்டியிருந்தது. பூசணிப்பூ போல வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்த்திருந்தது.

ரேடியோ செட் போட வந்திருந்த மாரிக்கனி ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஏந்தம்பி, இந்தக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பி வையேன்."

"எதுக்குக்கா?"

"ஊருக்குக் கேக்கத்தான குழாய்? வாசிக்கிறவுகளுக்கு எதுக்கு?"

"மொதலாளி கட்டச் சொன்ன எடம்."

"மொதலாளி பொண்ணுக்கு மாலை கட்டுறவ சொல்றேன், திருப்பு. முழம் மல்லி தாரேன், ஒம் பொண்டாட்டிக்குக் கொண்டு போ."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா."

"அப்ப சாமிக்குப் போடு, சீக்கிரம் ஆகும்."

அவன் சிரித்துக்கொண்டே குழாயைத் திருப்பினான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பந்தலின் பக்கவாட்டில், மேடைக்குப் பின்புறம், இரும்புக் குழல்களை வரிசையாக நட்டு வெடிமருந்தைக் கம்பியால் குத்திக் கிட்டித்துக்கொண்டிருந்தார் வேட்டுக்கார சோணைமுத்து.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி, அந்த ஊருணிக் கரையில வச்சுப் போடக் கூடாதா?"

"அங்கன போட்டா யாருக்குத்தான் கேக்கும்?"

"எல்லாருக்கும்தான் கேக்கும்."

"கேட்டாப் பத்தாது. பந்தல் குலுங்கணும்னு சொல்லியிருக்காரு தனுஷ்கோடி." அவர் கிட்டிக்கிற கம்பியை நிறுத்தாமல் பேசினார். "பயமா இருந்தா நீ காதைப் பொத்திக்க."

இது ஒன்றைத்தான் அவளால் நகர்த்த முடியவில்லை. பஞ்சு இருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். பஞ்சை நம்பித்தான் அவள் பூக்கட்டப் போய் உட்கார்ந்தாள்.

ராஜகுரு ஆனந்தபைரவியை எடுத்தார்.

மாப்பிள்ளை வந்து உட்காருகிற நேரம். பந்தல் முழுக்கப் பேச்சு, பாத்திரச் சத்தம், பிள்ளைகள் அழுகை. அதற்கு மேலே நாயனம் நிதானமாக ஏறியது. கொஞ்ச காலமாக வாசிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்கும். தவில் ஓங்கும்போது இடது தோள் தானாக மேலே ஏறும். அன்றைக்குத் தோள் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எங்கோ கிணற்று ஆழத்தில் தனியாக உட்கார்ந்து வாசிப்பவரைப் போல வாசித்தார். சுருதி பிசகவில்லை. பக்கத்தில் சுருதிக்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி புருவத்தைத் தூக்கித் தலையை அசைத்தார்.

சௌந்தரத்தின் கையில் நார் நின்றது. காப்பாத்திட்டேன் என்று அவள் மனசு சொல்லியது. அவள் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்கு இருந்த ஆயுசு கால்மணி நேரம்.

வேர்வை வழிந்தது. ஒரு மூச்சு இடைவெளியில் ராஜகுரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டு நெற்றியில் தொடங்கிப் பின்கழுத்தில் முடிந்தது. முடி பின்னால் போயிற்று. மறுபடி கண்ணை மூடி வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

கறுத்த காதில் பஞ்சு அத்தனை வெள்ளையாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலில் பார்த்தது பெண்ணின் அத்தை சுந்தராம்பாள். பாக்குத்தட்டோடு போனவள் அப்படியே நின்றாள்.

"ஏ ஆத்தா, இதென்ன கூத்து! மங்கள வாத்தியக்காரன் காதுல பஞ்சு!"

நாலு பேர் திரும்பினார்கள்.

"தாலி கட்டுற வீடா இது, பாடை கட்டுற வீடா? பொணம் மாதிரில்ல காதை அடைச்சிக்கிட்டு வந்து மணவறைக்கு முன்னால உக்காந்திருக்கான்!"

நாற்பது பேர் திரும்பினார்கள். பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ராஜகுருவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனந்தபைரவி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

தனுஷ்கோடி வந்தார். சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "இவரு வீட்டு ஆளு யாரு?"

சௌந்தரம் எழுந்து நின்றாள்.

"என்னம்மா இது?"

"அது வந்து... முதலாளி..."

"காது சரியில்லையா அவருக்கு?"

அந்தக் கேள்வியை அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் நாற்பது பேரும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இருபது பேர் வீட்டில் வரும் ஆவணியிலும் தையிலும் கல்யாணம் இருந்தது. திருச்சுழிக்காரர்கள் இருந்தார்கள். பந்தல்குடிக்காரர்கள் இருந்தார்கள்.

"அதெல்லாம் நல்லாருக்கு" என்றாள்.

"அப்ப எடுக்கச் சொல்லும்மா. அய்யரு நேரம் ஆச்சுங்கிறாரு. இல்லேன்னா மேடையை விட்டு எறங்கச் சொல்லு. அடுத்த தெருக் கல்யாணத்துல ஒரு மேளம் இருக்கு, கூப்பிட்டுக்கிடுதேன்."

மேடையில் பொன்னுச்சாமி அடியைக் குறைத்துக்கொண்டு குனிந்தான். அவனும் அப்போதுதான் பார்த்தான். "மதினி, என்னது இது? அண்ணனுக்கு என்ன?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். காதுக்குள் கொப்புளம், மருந்து வைத்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னாலேயே, வீட்டில் உருட்டும்போதே, அந்தப் பஞ்சை மஞ்சளில் புரட்டியிருக்கலாம். ஒரு சிட்டிகை மஞ்சள். மஞ்சள் பூசிய பஞ்சை எந்த அத்தைக்காரி பிணத்துப் பஞ்சு என்பாள்? இந்த யோசனை சௌந்தரத்துக்கு வந்தது அன்று மத்தியானம் பஸ்ஸில். அதன்பிறகு அது அவளை விட்டுப் போகவே இல்லை.

பந்தலில் அவளுக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம்.

பெண்பிள்ளை ஏறக்கூடாத மேள மேடையில் ஏறினாள். இடது பக்கம் பொன்னுச்சாமி தவிலோடு இருந்ததால் வலது பக்கமாகத்தான் போக முடிந்தது. வேர்வையைத் துடைப்பதுபோல முந்தானையைக் காதோரம் கொண்டுபோய், வலது காதுப் பஞ்சை இரண்டு விரலால் இழுத்து எடுத்தாள். வாசிப்புக்கு நடுவில் ஆண்டிச்சாமி முகம் துடைத்துவிடுவது வழக்கம். அதனால் கை பட்டதற்கு ராஜகுரு கண் திறக்கவில்லை.

"அந்தப் பக்கமும் இருக்கு பாரு!" என்றாள் சுந்தராம்பாள்.

சௌந்தரம் இறங்கிவிட்டிருந்தாள். பொன்னுச்சாமி கூடு மாட்டாத குச்சிக்கையை நீட்டி இடது காதிலிருந்ததை எடுத்தான். செத்துப்போன காதிலிருந்து.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் அய்யர்.

தாலி ஏறுகிற சமயத்தில் ஒரு தும்மலோ, ஒரு அழுகையோ, ஒரு அபசகுனச் சொல்லோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் கெட்டிமேளம். தவில் இடித்தது. நாயனம் உச்சியில் நின்றது. யாரோ துண்டை வீசிச் சைகை காட்ட, மேடைக்குப் பின்னால் சோணைமுத்து திரியைத் தொட்டார்.

பந்தல் குலுங்கியது. தனுஷ்கோடி ஆசைப்பட்டபடியே குலுங்கியது. அட்சதைத் தட்டில் அரிசி குதித்தது.

ராஜகுரு கண்ணைத் திறந்தார்.

அவர் நாயனத்தை எடுக்கவில்லை. தாலி ஏறும்போது நாயனம் நின்றது என்ற பேச்சு வரக்கூடாது. விரல்கள் ஓடின, கன்னம் உப்பியது. ஆனால் ஒத்துக்கும் நாயனத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை விழுந்துவிட்டது. அந்த இழை விரிந்துகொண்டே போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. ஆண்டிச்சாமிக்குத் தெரிந்தது. பொன்னுச்சாமிக்குத் தெரிந்தது. கீழே, மூடிய உள்ளங்கைக்குள் ஒரு சுண்டைக்காயை வைத்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரிந்தது.

வாசித்துக்கொண்டே ராஜகுரு இடது பக்கம் திரும்பினார். தம்பியின் குச்சிக்கை விரலிடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு இருந்தது.

பந்தியில் அவர் கத்தினார்.

"போதும் போதும்! ரசம் போதும்!"

பந்தி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. பரிமாறுகிறவன் பயந்து வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தான் கத்தியது அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு மோருக்கும் கையால்தான் போதும் காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில், வெயிலில், தம்பியின் முன்னால் போய் நின்றார்.

"ஏலே."

பொன்னுச்சாமி தவிலைக் கீழே வைத்தான்.

"தள்ளி நில்லுன்னு சொன்னதுக்கா?"

"என்னண்ணே சொல்றீக?"

"கல்யாண வீட்டுல, அத்தன பேரு மத்தியில, என் காதுல கை வச்சுப் பிடுங்குனேல்ல? தள்ளி நில்லுன்னு சொன்னதுக்குத்தான?" முறுக்கு விற்கிறவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். "உள்ளுக்குள்ள வண்டு கத்துதுலே. சில்லுன்னு ஒரே கத்தா கத்துது. அது மட்டும்தான் கேக்குது. வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லலே!"

"அண்ணே, நான் எடுத்தது..." என்று சொல்லவந்த பொன்னுச்சாமி மதினியைப் பார்த்தான்.

சௌந்தரம் அவன் முழங்கையைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மதுரை, டாக்டர், பேனாவைக் கீழே வைத்தது, தவில் எந்தப் பக்கம் என்று கேட்டது, வேட்டு ஒன்று போதும் என்றது, எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் சொன்னாள். பதினோரு நாள் மூடியது ஒரு நிமிஷத்தில் கொட்டி முடிந்தது.

 அவன் வலது கை விரல்களை விரித்துப் பார்த்தான். விரல்கூடு மாட்டி மாட்டித் தழும்பேறிய விரல்கள்.

"அப்ப அந்த எடது காதை நாந்தான் அடிச்சு ஒடச்சிருக்கேன். பதினாலு வருசமா."

"தெரிஞ்சா செஞ்சீக?"

"ஓங்கி அடிச்சாத்தான் ஊரு மெச்சுதுன்னு அடிச்சேன், மதினி. அண்ணனும் ஒரு நாளு ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னாக. தள்ளி நில்லுன்னு சொன்னாகள்ல."

அவன் முகம் சுருங்கியது. சௌந்தரம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அள்ள முடியுமா?

"வலது காதுல எடுத்தது நாந்தான்னு அவுககிட்டச் சொல்லிருவோம், தம்பி" என்றாள். சொல்லிருவேன் என்று அவள் சொல்லவில்லை. அதை அவளே கவனித்தாள்.

பொன்னுச்சாமி அவளைப் பார்த்தான். ஒரே அடுப்பில் பதினாலு வருஷம் சாப்பிட்டவன். மதினி எந்த வார்த்தையை எடுத்து எந்த வார்த்தையை மறைப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

"வேண்டாம். எடது காது என்னால போனது. வலதும் என்னாலயே போனதா இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு அவருக்குச் சோறு போடப் போறது நீங்க. காதுக்குப் பதிலா எல்லாத்தையும் கேட்டுச் சொல்லப் போறது நீங்க. ஒங்களையும் வெறுத்துட்டு அவரு எங்குட்டுப் போவாரு?"

அவள் மறுத்துப் பேசவேண்டிய இடம் அது. "அதெப்படி" என்று ஒரு வார்த்தை போதும். அவள் வாய்க்குள் அந்த வார்த்தை இருந்தது. அவன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி ஊருக்குப் போகிற பந்தல்குடி பஸ்ஸில் ஏறி, பஸ் நகர்கிற வரைக்கும் அது வாய்க்குள்ளேயே இருந்தது.

ராஜகுரு தம்பி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை.

திருச்சுழி பஸ் முக்கிக்கொண்டு கிளம்பியது. பழைய வண்டி. ஜன்னல் தகரம் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டது. கோழிக்கூடை வைத்திருந்தவர், கோழி, கண்டக்டரின் விசில், எல்லாம் ஒரே இரைச்சல். பாதி வழியில் ராஜகுரு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் இஞ்சினை அமத்திட்டான்? இறக்கத்துல வெறுமனே உருட்டுறானா?"

அவள் வெளியே பார்த்தாள். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது வண்டி.

"ஆமா" என்று தலையாட்டினாள்.

முந்தானை முடிச்சுக்குள் பஞ்சு இருந்தது. வாசலின் கசிந்து சேலையில் காசு அகலத்துக்குப் பிசுக்கு படர்ந்திருந்தது. அந்தக் காதில் அவள் கையால் இன்னொரு தரம் பஞ்சு வைக்கிற நாள் ஒன்பது வருஷம் கழித்து வந்தது. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வெள்ளையாக இருக்கிறதே என்று யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராஜகுரு சட்டையைக் கழற்றாமல் உறையிலிருந்து நாயனத்தை எடுத்தார். சீவாளியை நனைத்து ஒரு சட்ஜமம் பிடித்தார். நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுபடி பிடித்தார். பல்லில் வருகிறது. காதில் வரவில்லை. பொழுது சாயும் வரைக்கும், நாயனத்தின் அடிப்புறம் விரிந்த அனசு விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொல்லைக் கொடியில் பொன்னுச்சாமி முந்தாநாள் செய்து காயவைத்த விரல்கூடுகள் நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு போகவில்லை. நாலு நாளில் வெள்ளிக்கிழமை. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது. அன்றைக்கு அவன் கூட்டை எடுக்கவாவது வருவானா என்று சௌந்தரம் நினைத்தாள். வந்தால் எந்தப் பக்கம் நிற்பான் என்றும் நினைத்தாள்.

"இங்க வா" என்றார் ராஜகுரு. வீடு அதிர்ந்தது.

போனாள்.

மாடக்குழியிலிருந்து பென்சிலையும், தனுஷ்கோடி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்து அவளிடம் நீட்டினார். பத்திரிகையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சௌந்தரம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தெருவில் எல்லோருக்கும் கடுதாசி எழுதிக் கொடுப்பவள். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

"நீ கீழதான இருந்த? பாத்துக்கிட்டுத்தான இருந்த?" குரலை அடக்கிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்தினார். "வலது காதுல கை வச்சது அவந்தானா? நீ எழுதிக் காட்டு. நீ எழுதுனா நம்புறேன்."

பென்சில் முனை மழுங்கியிருந்தது. அவள் அதைப் பல்லால் கடித்துக் கூராக்கினாள். பத்திரிகையைத் தரையில் வைத்துக் குனிந்தாள். அவர் அவள் தலைக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு அவள் உச்சியில் பட்டது.

எழுதினாள். நீட்டினாள்.

ராஜகுரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்தார்.

'சாப்பிட வாங்க.'

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பத்திரிகையை இரண்டாக மடித்து மாடக்குழியில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.